ஒரு குற்றம், மூன்று முடிவு



1975ஆம் ஆண்டு மே முதல் நாள், உத்தரப் பிரதேசத்துப் பிலிபித் நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு படிக்கப்பட்டது. நால்வர் அடங்கிய குடும்பமொன்றைக் கொன்றமைக்காக மூவருக்குத் தூக்குத் தண்டனை. (நான்காவது ஆள் வழக்குக்கு முன்பே போலீசாருடன் நேர்ந்த மோதலில் மாண்டுவிட்டான்.) மூவரும் செய்த செயல் ஒன்று, நின்ற கூண்டு ஒன்று, பெற்ற தண்டனையும் ஒன்று.

பின்னர் நடந்ததைக் கேளுங்கள். மூவரும் தனித்தனியே உச்சநீதிமன்றத்தின் படியேறினர். 1976 ஏப்ரலில் ஒருவனுடைய முறையீடு தள்ளப்பட்டது. 1977 ஏப்ரலில், வேறு நீதிபதிகள் முன் சென்ற இன்னொருவனுக்குத் தூக்கு ஆயுள் சிறையாகக் குறைந்தது. 1978 அக்டோபரில், மீண்டும் வேறு நீதிபதிகள், மூன்றாமவனான ஹர்பன்ஸ் சிங்கின் முறையீட்டைத் தள்ளினர். கூட்டாளிக்குத் தண்டனை குறைந்த செய்தி அவர்கள் பார்வைக்குக் கொண்டு செல்லப்படவே இல்லை! எஞ்சிய இருவரையும் தூக்கிலிட 1981 அக்டோபர் 6 என நாள் குறித்தாயிற்று. ஹர்பன்ஸ் சிங் மனுப்போட்டுத் தடையுத்தரவு பெற்றான். மற்றவன் மறுஆய்வு மனுவும் போட்டதில்லை, அன்றே தூக்கிலிடப்பட்டான்.

கொலைகாரருக்குப் பரிந்து பேசுகிறோமா என்று சிலர் சீறுவர். கொல்லப்பட்ட நால்வரை நாம் மறக்கவில்லை. அவர்கள் பொருட்டு மூவரும் தண்டிக்கப்பட வேண்டியவர்களே. நாம் வினவுவது வேறு. ஒருவன் உயிர் பிழைத்ததற்கும் ஒருவன் கயிற்றில் தொங்கியதற்கும் குற்றத்தில் என்ன வேற்றுமை கண்டீர்கள்? எந்த அமர்வு, எந்த ஆண்டு, எந்த மனு என்பதன்றி வேறென்ன?

சட்டம் வேற்றுமை காண அறியாததன்று. மயிரிழையை மயிரிழையாகப் பிரிக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், கொலையாகாத மரணம் விளைவித்தலை 299ஆம் பிரிவிலும், கொலையை 300ஆம் பிரிவிலும் வைத்தது. மரணம் விளைவிக்கக் கூடிய காயத்தை வேண்டுமென்றே உண்டாக்கினால் முதலாவது. இயற்கையின் வழக்கமான போக்கில் மரணம் விளைவிக்கப் போதுமான காயமாயின் இரண்டாவது. "கூடிய" என்ற சொல்லுக்கும் "போதுமான" என்ற சொல்லுக்கும் இடையே ஒரு மனிதனின் கழுத்து! முன்னதற்குத் தூக்கு இல்லை, பின்னதற்கு உண்டு. 1958இல் விர்சா சிங் வழக்கில், ஈட்டியால் ஒரே ஒரு குத்து. கொல்லும் எண்ணம் தனியே மெய்ப்பிக்கப்பட வேண்டியதில்லை, அந்தக் காயத்தை உண்டாக்கும் எண்ணம் இருந்தால் போதும், அது கொலையே என்றது உச்சநீதிமன்றம். சட்டம் பயின்றோர்க்கே தலை சுற்றும் இடம் இது. கூலி வேலை செய்து பிழைப்பவன், வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லாதவன், இதை எங்ஙனம் வாதிடுவான்?

கொலை என்று முடிவானபின் தூக்கா, ஆயுளா என்பது நீதிபதியின் கையில். 1955இல் திருத்தம் வரும்வரை, தூக்கு அளிக்காமல் விட்டால்தான் காரணம் எழுத வேண்டும். 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டமோ, தூக்கு அளிப்பதற்கே சிறப்புக் காரணம் கேட்டது. 1980இல் பச்சன் சிங் வழக்கில் "அரிதினும் அரிதான" வழக்குக்கே தூக்கு என்று நால்வர் கூறினர். ஐவருள் ஒருவரான பகவதி மட்டும், இத்தண்டனை நீதிபதியின் மனப்போக்குக்கேற்ப மாறுவது, அரசியல் சட்டத்துக்கு ஒவ்வாதது என்று மாறுபட்டு நின்றார். பிலிபித் மூவர் கதையை வைத்துப் பாருங்கள், எவர் பக்கம் உண்மை என்று!

தேர்வுக்கே இடந்தராத 303ஆம் பிரிவும் இருந்தது. ஆயுள் தண்டனைக்கு உள்ளானவன் கொலை செய்தால் தூக்கு ஒன்றே. சூழ்நிலையைக் கேட்க நீதிபதிக்கு உரிமையில்லை. 1983இல் மித்து வழக்கில் அதனைச் செல்லாதென்று அறிவித்தது உச்சநீதிமன்றம். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டம், அதே குற்றத்துக்குத் தூக்கு அல்லது சாகும்வரை சிறை என்று 104ஆம் பிரிவில் எழுதிக்கொண்டது. எண்கள் மாறின, கயிறு மாறவில்லை.

ஹர்பன்ஸ் சிங் மனுவில் 1982 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. அவனது தண்டனையைக் குறைக்குமாறு குடியரசுத் தலைவருக்குப் பரிந்துரை செய்த நீதிமன்றம், இன்னொன்றும் சொல்லிற்று: தூக்கிலிடுமுன், உடன் தண்டிக்கப்பட்ட எவருக்கேனும் தண்டனை குறைந்துள்ளதா என்று சிறைக் கண்காணிப்பாளர் தாமே விசாரித்தறிய வேண்டும். மற்றவன் தூக்கில் தொங்கி அப்போது நான்கு திங்கள் ஆகியிருந்தது.