குயவனுக்கு மண் எங்கே?

பம்மல் தோல் ஆலைகளுக்கு வேலைக்குப் போகும் தோழர்களுக்குப் பல்லாவரம் குன்று தெரியும். 19-ம் நூற்றாண்டின் கடைசியில் தொல்பொருள் இலாகா அதிகாரி அலெக்சாந்தர் ரீ பல்லாவரத்தில் தோண்டியபோது, சுட்ட மண்ணால் செய்த ஈமப்பேழைகள் கிடைத்தன. தொட்டி போன்ற உடல், அடியில் வரிசை வரிசையாகக் கால்கள். 2,000 வருஷங்களுக்கு மேல் மண்ணுக்குள் கிடந்தும் அவை மண்ணாகிவிடவில்லை. அப்படிச் சுட்டிருக்கிறான் அந்தத் தொழிலாளி!

அந்தக் கைவேலையின் வாரிசுகள் இன்றைய குயவர்கள். களிமண்ணில் மணல் கலந்து காலால் மிதித்துப் பதமாக்க வேண்டும். சக்கரத்தில் எழுப்பிய பானைக்கு அடி இராது. உள்ளே கல்லைக் கொடுத்து, வெளியே பலகையால் தட்டித் தட்டித்தான் அடியை மூட வேண்டும். நிழலில் உலர்த்தி, வைக்கோலும் வரட்டியும் அடுக்கிச் சூளை போட வேண்டும். வீட்டுப் பெண்களும் கூடவே பாடுபடுகிறார்கள். கூலிக் கணக்கில் அவர்கள் வருவதேயில்லை. மழை பிடித்தால் வேலை நின்றது. அதற்கு நலவாரியம் மூலம் சர்க்கார் தருகிற நிவாரணம் வருஷத்துக்கு ரூ.5,000. ஒரு குடும்பம் எத்தனை நாள் சாப்பிடும்?

ஏரி, குளங்களில் குயவர்களும் விவசாயிகளும் இலவசமாக மண் எடுக்கலாம், தாசில்தாரே அனுமதி தரலாம் என்று 2024-ல் தமிழ்நாடு சர்க்கார் அறிவித்தது. நல்ல காரியம், வரவேற்கிறோம். ஆனால் எந்த ஏரியில் எடுப்பது? பல்லாவரம் பெரிய ஏரியைத் துரைப்பாக்கம் ரோடு இரண்டாகப் பிளந்துவிட்டது. அதில் வருஷக்கணக்கில் குப்பை கொட்டினார்கள். பம்மல், நாகல்கேணிப் பக்கம் தோல் ஆலைக் கழிவு நிலத்தடி நீரையே கெடுத்தது. அந்தக் கழிவில் நின்று தோல் கழுவியவனும் நம் தோழன்தான். லாபத்தை எடுத்துப் போனவன் வேறு.

வெளியூர் மண்ணை லாரி லோடு கணக்கில் வாங்கினால் பானையின் அடக்கவிலை ஏறிவிடும். பிறகு அலுமினியத்தோடும் பிளாஸ்டிக்கோடும் எப்படிப் போட்டி போடுவது? மானாமதுரை மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. சந்தோஷம். முத்திரையைக் குழைத்துப் பானை செய்ய முடியாதே!

எஞ்சியிருக்கும் ஏரிகளில் குயவர்களுக்கென்று மண் எடுக்கும் இடத்தை அளந்து ஒதுக்க வேண்டும். புறநகரில் சூளைக்குப் பொது இடம் வேண்டும். பொங்கல் தொகுப்பில் பானையும் அடுப்பும் சேர்க்கும்படி குயவர்கள் பல வருஷங்களாகக் கேட்கிறார்கள். அரிசிக் கார்டுகள் 2 கோடிக்கு மேல் உள்ளன. கார்டுக்கு ஒரு பானை என்றாலும் 2 கோடிப் பானை. தை மாதத்துக்கு அவ்வளவு பானை வேண்டுமானால் ஆர்டரைச் சித்திரையிலேயே கொடுத்தாக வேண்டும். மார்கழியில் கொடுத்தால் சூளை ஆறாது.