ஒளித்து வைக்கும் குளிசை

எங்கள் வீடுகளில் குளிசைக்குப் பஞ்சமில்லை. வாப்பாவின் பிரஷர் குளிசை அலமாரியின் முதல் தட்டில் இருக்கும். உம்மம்மாவின் சீனி வருத்தக் குளிசை சாப்பாட்டு மேசையிலேயே இருக்கும். அவர் மறந்துவிட்டால் பேரப்பிள்ளைகள்கூட ஞாபகப்படுத்துவார்கள். ஒரேயொரு குளிசை மட்டும் தலையணை உறைக்குள்ளும் தையல் பெட்டிக்குள்ளும் கிடக்கும். மனச்சோர்வுக்கு வைத்தியர் எழுதிக் கொடுக்கும் குளிசைதான் அது. "விசர்க் குளிசை" என்று யாராவது சொல்லிவிடுவார்களோ, நாளைக்குக் கலியாணப் பேச்சு குழம்பிவிடுமோ என்ற பயம்தான் அதற்குக் காரணம். இப்படி ஒளித்து எடுக்கும் மருந்தை ஒழுங்காக எடுக்க முடியாது என்பதே என் கருத்து.

முதலில் இந்த மருந்து எப்படிப்பட்டது என்று பார்ப்போம். இன்று பெரும்பாலும் கொடுக்கப்படுபவை புளுவொக்செற்றீன், சேர்ட்ரலீன், எஸ்சிற்றலோப்ராம் போன்றவை. மூளையில் செரட்டோனின் என்னும் இரசாயனத்தின் செயற்பாட்டில் இவை மாற்றம் செய்கின்றன. இவை தூக்கக் குளிசைகள் அல்ல. பனடோல் போல அரை மணித்தியாலத்தில் சுகம் தருவனவும் அல்ல. பலன் தெரியத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரங்கள் செல்லும்; நன்றாகத் தெரிய அதைவிடக் கூடுதலாகவும் செல்லலாம். ஆனால் குமட்டல், தலையிடி, தூக்கக் குழப்பம், படபடப்பு போன்ற பக்கவிளைவுகள் முதல் வாரத்திலேயே வந்துவிடலாம். அவற்றில் பல ஓரிரு வாரங்களில் குறைந்துவிடும். தொல்லை முன்னே வர, சுகம் பின்னே வருவதால்தான் பலர் முதல் வாரத்திலேயே மருந்தைக் கைவிடுகிறார்கள். இந்த விடயம் வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருந்தால், "இன்னும் கொஞ்சம் பொறு, வைத்தியரிடம் கேட்போம்" என்று சொல்ல ஆள் இருக்கும்.

என் சாச்சி ஒருவர் இந்தக் குளிசையை மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாமல் எடுத்துவந்தார். அவரது சம்மதத்துடன்தான் இதை எழுதுகிறேன். ஒரு கலியாணத்துக்காக வீடு நிறைய உறவினர்கள் வந்து தங்கியபோது, எவரும் கண்டுவிடுவார்கள் என்று சில நாட்கள் குளிசையைத் தொடவில்லை. தலை சுற்றியது, உடம்புக்குள் மின்சாரம் பாய்ந்தது போலிருந்தது, காரணமில்லாமல் கோபமும் அழுகையும் வந்தன. விடயம் வெளியே வந்ததும் ஒரு பெரியம்மா, "பாத்தியா, மருந்துக்கு அடிமையாகிட்டாள்" என்றார். அதோடு சாச்சி மருந்தையே விட்டுவிட்டார். ஆறு மாதத்துக்குள் பழைய வருத்தம் திரும்பி வந்தது.

பெரியம்மா சொன்னது தவறு. போதைப்பொருளுக்கு அடிமையானவர் அதை மேலும் மேலும் தேடுவார். இந்தக் குளிசையில் அந்த ஏக்கம் இல்லை. ஆனால் உடல் மருந்துக்குப் பழகியிருப்பதால், சடுதியாக நிறுத்தினால் தடுமாறும். அதனால்தான் வைத்தியர்கள் அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துகிறார்கள். சுகம் வந்த பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடரச் சொல்வது வழக்கம். "இப்ப நல்லாத்தானே இருக்கிறேன்" என்று தோன்றும் நாளே மருந்தை நாமாக நிறுத்தக்கூடாத நாள். ஒரு வேளை தவறிவிட்டால் அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடவும் கூடாது.

பெற்றோருக்கு ஒரு விடயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இளம் வயதினரில் சிலருக்கு, மருந்து தொடங்கிய முதல் வாரங்களிலும் அளவை மாற்றும்போதும், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் கூடலாம். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2004ஆம் ஆண்டு சிறுவர்களையும் பதின்ம வயதினரையும் குறித்து இந்த எச்சரிக்கையை மருந்துப் பொதிகளில் இடச் செய்தது. 2007இல் அதை 24 வயது வரை நீடித்தது. இதைக் கேட்டு மருந்தே வேண்டாம் என்று முடிவெடுக்கக் கூடாது. சிகிச்சையில்லாத மனச்சோர்வும் உயிரைப் பறிக்கக்கூடியதுதான். அந்த வாரங்களில் பிள்ளையைத் தனியே விடாமல் பக்கத்தில் இருப்பதுதான் செய்ய வேண்டியது. மகள் வழமைக்கு மாறாக அமைதியிழந்து நடமாடுகிறாளா, இரவு முழுக்க விழித்திருக்கிறாளா, சாவைப் பற்றிப் பேசுகிறாளா என்று கவனியுங்கள். தூக்கமே இல்லாமல் அளவுக்கு மீறிய உற்சாகமும் வேகமான பேச்சும் வந்தாலும் உடனே வைத்தியரிடம் கூட்டிச் செல்லுங்கள். மருந்து எடுப்பதே தெரியாத தாயால் இவற்றை எப்படிக் கவனிக்க முடியும்?

வீட்டில் தெரிந்திருக்க வேண்டும் என்பதால் மேசையில் பரப்பி வைக்கச் சொல்லவில்லை. அமிற்றிப்ரிலீன் போன்ற பழைய வகைக் குளிசைகள் அளவு மீறினால் இதயத்தையே பாதிக்கும். ஆகவே பொறுப்பான ஒருவர் பூட்டி வைத்து, வேளைக்கு எடுத்துக் கொடுப்பது நல்லது. ஒளிப்பது வேறு, பத்திரப்படுத்துவது வேறு. அதேபோல், "எனக்கு இது நல்லாப் பிடிச்சது, நீயும் போட்டுப் பார்" என்று சிநேகிதிக்குக் கொடுப்பதும், பழைய துண்டைக் காட்டிப் பாமசியில் வாங்குவதும் ஆபத்து. ட்ரமடோல் போன்ற வலி மருந்துகளும் சில இருமல் மருந்துகளும் இதனுடன் சேர்ந்தால் கேடு விளைவிக்கலாம். எந்த வைத்தியரிடம் போனாலும் இந்தக் குளிசை எடுப்பதைச் சொல்லியாக வேண்டும். கர்ப்பமான பெண்ணும் பாலூட்டும் தாயும்கூட, பயத்தில் தாமாக நிறுத்தாமல் வைத்தியரிடம் கேட்க வேண்டும்.

நோன்பு மாதம் இன்னொரு சோதனை. பகலில் போடும் குளிசையைப் பலர் அந்த மாதம் முழுவதும் விட்டுவிடுகிறார்கள். இவற்றில் பல நாளுக்கு ஒரு முறை எடுப்பவைதான். தூக்கத்தைக் கெடுப்பதாக இருந்தால் ஸஹருக்கும், தூக்கம் தருவதாக இருந்தால் நோன்பு திறந்த பிறகும் மாற்றிக்கொள்ள வைத்தியர் வழி சொல்வார். ரமழான் பிறை காண்பதற்கு முன்னரே கிளினிக்கில் கேட்டுவிடுவது நல்லது. நோன்பு நோற்க வேண்டாம் என்று வைத்தியர் சொன்னால், நோயாளிக்கு அல்குர்ஆனே சலுகை அளித்திருக்கிறது.

"ஈமான் இருந்தால் இந்தக் குளிசை எதற்கு?" என்று கேட்பவர்களும் உண்டு. யஃகூப் (அலை) அவர்கள் மகன் யூசுப் (அலை) அவர்களை எண்ணித் துயருற்று, கண்பார்வை மங்கும்வரை அழுததை அல்குர்ஆன் சொல்கிறது. அவர்கள் ஒரு நபி. அவர்களது துயரத்தை ஈமான் குறைவு என்று எவரும் சொல்வதில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பல்க் நகரில் வாழ்ந்த அபூ ஸைத் அல்பல்கீ என்ற முஸ்லிம் அறிஞர், காரணம் தெரிந்த துயரம், காரணம் தெரியாமல் உடலிலிருந்து எழும் துயரம் என இரண்டாகப் பிரித்து எழுதியிருக்கிறார். துஆ கேட்போம், ஓதுவோம். அதோடு மருந்தும் எடுப்போம். சீனி வருத்தத்துக்கு நாம் அப்படித்தானே செய்கிறோம்?

எல்லா மனக்கவலைக்கும் குளிசை தேவையில்லை. உளவளத்துணையாளரிடம் பேசியே தேறியவர்கள் பலர். எது தேவை என்பதைத் தீர்மானிக்க வைத்தியர் இருக்கிறார். அரசாங்க வைத்தியசாலை கிளினிக்குகளில் இது இலவசம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். உயிராபத்து என்றால் 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

சகோதரிகளே, வீட்டில் நீங்கள் நம்பும் ஒருவரிடமாவது சொல்லுங்கள். பெற்றோரே, மகள் அப்படி வந்து சொல்லும்போது முதலில், "யாருக்கும் சொல்லாதே" என்று சொல்லிவிடாதீர்கள். "அடுத்த கிளினிக் எப்போது? நானும் வருகிறேன்" என்று கேளுங்கள்.