விருந்தாளிக்கு வரி போடும் நாடு

இமயமலைச் சாரலில் இருக்கும் குட்டி நாடு பூட்டான். வடக்கே திபெத். மற்ற மூன்று பக்கமும் இந்தியா. மக்கள் தொகை சுமார் 8 லட்சம்தான்.

ஊர் பார்க்க வருகிறவர்களிடம் இந்த நாடு கட்டணம் வாங்குகிறது. ஓர் இரவுக்கு ஓர் ஆளுக்கு 100 டாலர். நம் பணத்தில் 8 ஆயிரம் ரூபாய்க்கு மேல்! ஓட்டல் வாடகை வேறு. சாப்பாட்டுச் செலவு வேறு. இந்த 100 டாலர் நேராக அரசாங்கக் கஜானாவுக்குப் போகிறது.

இந்தியர்களுக்குச் சலுகை உண்டு. ஓர் இரவுக்கு 1,200 ரூபாய் கட்டினால் போதும். கணவனும் மனைவியும் 5 இரவு தங்கினால் 12 ஆயிரம் ரூபாய் ஆகும்.

100 டாலர் கட்டணம் 2027-ம் ஆண்டு ஆகஸ்டு 31-ந் தேதி வரைதான். அதற்குப் பிறகு எவ்வளவு? பூட்டானில் ஓட்டல் நடத்துபவர்களின் கவலை இதுதான்.

கூட்டம் வேண்டாம்

1974-ம் ஆண்டில் ஜிக்மே சிங்கே வாங்சுக் மன்னராக முடிசூடினார். அந்த ஆண்டில்தான் வெளிநாட்டுப் பயணிகளுக்குக் கதவு திறந்தது. ஆனால், "கண்டபடி கூட்டம் சேரக்கூடாது. கொஞ்சம் பேர் வரட்டும், நல்ல வரவு வரட்டும்" என்பது அரசாங்கத்தின் எண்ணம்.

காரணம் இருக்கிறது. பூட்டானில் வைத்தியம் இலவசம். பள்ளிப் படிப்பு இலவசம். நாட்டின் நிலத்தில் 100-க்கு 60 பங்கு என்றும் காடாகவே இருக்க வேண்டும் என்று அரசியல் சட்டமே சொல்கிறது. இதற்கெல்லாம் பணம் வேண்டாமா? ஆற்று நீரில் மின்சாரம் எடுத்து இந்தியாவுக்கு விற்கிறார்கள். அதற்கு அடுத்தபடியாகக் கை கொடுப்பது சுற்றுலா.

ஒரே அடியாக 200!

2019-ம் ஆண்டில் 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். பெரும்பாலோர் இந்தியர்கள். அப்போது இந்தியர்களுக்குக் கட்டணமே கிடையாது. மற்ற வெளிநாட்டவர் கொடுத்த பணத்தில் அரசாங்கத்தின் பங்கு 65 டாலர்.

2020 மார்ச்சில் கொரோனா வந்தது, கதவு மூடியது. 2022 செப்டம்பர் 23-ந் தேதி மறுபடியும் திறந்தபோது, 65 டாலர் 200 டாலர் ஆகியிருந்தது!

கூட்டம் குறைந்தது. கடன் வாங்கி ஓட்டல் கட்டியவர்கள் தவித்தார்கள். வழிகாட்டிகள், கார் ஓட்டுபவர்கள், கைத்தறி விற்கும் பெண்கள் எல்லோருக்கும் பிழைப்பில் அடி. அரசாங்கம் இறங்கி வந்தது. 2023 செப்டம்பரில் கட்டணத்தைப் பாதியாகக் குறைத்தது. நான்கு ஆண்டுகளுக்கு இதுதான் என்றும் அறிவித்தது.

கணக்குப் பாருங்கள்

200 டாலர் வீதம் ஒருவர் வந்தாலும், 100 டாலர் வீதம் இருவர் வந்தாலும் அரசாங்கத்துக்கு வரவு ஒன்றுதான். ஆனால் ஓட்டல்காரருக்கு? ஒருவர் வந்தால் ஒரு சாப்பாடு. இருவர் வந்தால் இரண்டு சாப்பாடு. மறுபக்கமும் உண்டு. மலைப்பாதையில் நடக்கும் கால்களும் இரண்டு மடங்கு. சேரும் குப்பையும் இரண்டு மடங்கு.

ஆகவே, கட்டணம் வாங்குவதே தவறு என்று சொல்ல முடியாது. காட்டைப் பார்க்க வருகிறவர், காட்டைக் காக்கும் செலவில் பங்கு கொடுப்பது நியாயமே. தவறு வேறு இடத்தில் இருக்கிறது. திடீரென்று விலையை ஏற்றினால் வாடிக்கைக்காரர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். உலகத்தில் மலைகளுக்கா பஞ்சம்?

வெளிநாட்டுப் பயணத்துக்குப் பலர் பல மாதங்களுக்கு முன்பே திட்டம் போடுகிறார்கள். ஓட்டல் கடனோ பல ஆண்டு தவணை. 2027-க்குப் பிறகு கட்டணம் ஏறினாலும் சரி, இறங்கினாலும் சரி, அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஏற்றுவதானால் படிப்படியாக ஏற்ற வேண்டும். வசூலான பணம் எந்தப் பள்ளிக்கு, எந்த ஆஸ்பத்திரிக்கு, எந்தக் காட்டுக்குப் போயிற்று என்று கணக்கும் காட்ட வேண்டும்.

கொடுத்த பணம் நல்ல காரியத்துக்குப் போகிறது என்று தெரிந்தால், விருந்தாளி முகம் சுளிக்க மாட்டார்.