எழுத்துருக் குப்பையும் ஏமாறும் தமிழரும்

நாற்பதாம் எண் நூலையும் நூறாம் எண் நூலையும் ஒரே பாவில் ஓட்டும் நெசவாளி எடப்பாடியில் ஒருவனும் இலன். நிறம் ஒன்றாயிருக்கலாம், பளபளப்பும் ஒன்றாயிருக்கலாம். எண் வேறாயின் கட்டும் வேறாக வைப்பதே தறி கண்டவன் அறிவு. ஆனால் அதே ஊர்க் கடைத்தெருவில் கணிப்பொறி வைத்து அச்சுவேலை பார்க்கும் கடைக்குள் நுழைந்தால், அவ்வறிவு வாயிலோடு நின்றுவிடுகின்றது. திருமண அழைப்பிதழுக்கு ஓர் எழுத்துரு, மஞ்சள் நீராட்டுக்கு ஒன்று, தைப்பூசத்தையொட்டிப் பழனிக்குக் காவடி கொண்டு நடப்பார்க்கு அறிவிப்புத்தாள் அடிக்க ஒன்று, இரங்கல் சுவரொட்டிக்கு ஒன்று என நூற்றுக்கணக்கான எழுத்துருக்கள் ஒரே பட்டியலில் குவிந்து கிடக்கின்றன. எது எந்தக் குறியாக்கத்தது என வினவினால், “பார்த்தால் தெரியும்” என்பர். பார்த்தால் தெரியாது என்பதன்றோ இங்குள்ள கேடு!

கணிப்பொறிக்கு எழுத்தின் வடிவம் தெரியாது. அதற்கு இட்ட எண்ணே தெரியும். அவ்வெண்முறையே குறியாக்கம். தமிழ் எழுத்துகளுக்கெனத் தனியெண்கள் வழக்கிற்கு வருமுன், ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களின்மேல் தமிழ் வடிவங்களை ஒட்டவைத்து எழுத்துரு செய்தனர். ஈழத்தமிழரிடையும் தமிழகத்திலும் பெருவழக்குற்ற பாமினியை எடுத்துக்கொள்க. அதில் ‘தமிழ்’ என அடித்தால் கணிப்பொறி தன் ஏட்டில் எழுதிக்கொள்வது யாது? ஆங்கில நெடுங்கணக்கின் பத்தாம் எழுத்து, பதினோராம் எழுத்து, பதினாறாம் எழுத்து, பதினைந்தாம் எழுத்து, ஓர் அரைப்புள்ளி! முகம் தமிழ், உள்ளீடு ஆங்கிலக் குப்பை. பாமினி இல்லாத கணிப்பொறியில் அக்கோப்பைத் திறந்தால் முகமும் கழன்று விழுகின்றது.

இதுவும் ஒரே முறையாய் நின்றதோ எனில், அதுவுமில்லை. எழுத்துரு விற்றார் ஒவ்வொருவரும் தத்தமக்கென ஓர் எண்முறை வகுத்து, வாங்கினவன் வேறு கடைக்குப் போகாவண்ணம் பூட்டுப் போட்டனர். அயல்நாட்டுத் தமிழர் தகுதரம் என்னும் முறையைக் கண்டனர். சென்னையில் 1999-இல் நடந்த தமிழ் இணைய மாநாட்டின் பின் தமிழக அரசு ‘தாம்’, ‘தாப்’ என இரண்டை ஏற்றது. அரசு அலுவலகங்களிலோ ‘வானவில் ஔவையார்’ நெடுங்காலம் கோலோச்சிற்று. 2010-ஆம் ஆண்டு சூன் திங்களில், கோவைச் செம்மொழி மாநாட்டையொட்டி, ஒருங்குறியே தரம், அது முழுதும் இயங்காவிடத்து அனைத்தெழுத்துக் குறியாக்கம் எனத் தமிழக அரசு ஆணை பிறப்பித்தது. ஆணை ஏட்டில் ஏறியது. கடைத்தெருப் பட்டியலில் ஏறவில்லை.

இந்நிலையில்தான், எழுத்துருக்களை ஒழுங்குசெய்ய மென்பொருள் தேடுகின்றனர் நம்மவர். தேடுவது நன்றே. ஆயிரம் எழுத்துருக்களையும் கணிப்பொறியில் ஒருங்கே ஏற்றிவைத்து, ஒன்றைத் தெரிவு செய்ய அரைநாழிகை உருட்டிக் கொண்டிருப்பதினும், வேண்டியபோது எழுப்பி வேண்டாதபோது உறங்கவைக்கும் கருவியைக் கொள்வது அறிவுடைமை. விண்டோசில் ‘நெக்சசு ஃபாண்ட்’ விலையின்றிக் கிடைக்கின்றது. ‘ஃபாண்ட்பேசு’ பலவகைக் கணிப்பொறிகளிலும் ஓடும். ஆப்பிள் கணிப்பொறியில் 2003 முதல் ‘ஃபாண்ட் புக்’ உடன்வருகின்றது. ஆனால் தெரிவு செய்யும்போது நம்மவர் பார்ப்பதென்ன? திரையின் அழகு! மேலைநாட்டான் தன் எழுத்துருக்களைத் தடித்தது, மெலிந்தது, சாய்ந்தது எனத் தோற்றத்தால் பிரிப்பது போதும். அவனுக்கு நூலின் எண் ஒன்றே. நமக்கு எண் பல. மேற்சொன்ன கருவிகளுள் எதனிலும் பாமினி, தகுதரம், தாப் என்றொரு பகுப்பு இல்லை. மொழிவாரியாகப் பிரிக்கச் சொன்னால் பாமினியை ஆங்கிலத்தின்பாற் சேர்த்துவிட்டு ஒருங்குறியை மட்டும் தமிழ் என்று காட்டும். அதனைப் பழிப்பதற்கில்லை. உள்ளதைத்தானே அது சொல்கின்றது!

ஆகலின் தமிழன் கேட்கவேண்டிய வினாக்கள் வேறு. நாமே வகுத்த பிரிவுகளை ஏற்குமா? நாம் பிரித்துவைத்த உறைகளை இருந்த இடத்திலேயே விட்டுவைக்குமா, அல்லது ‘சூட்கேசு’ என்னும் விலைமிக்க கருவியின் பதிப்புகளைப் போலத் தன் வைப்பறைக்குள் வாங்கிப் பூட்டிக்கொள்ளுமா? மாதிரித் தொடரை நாமே எழுத விடுமா? இம்மூன்றாவதே தலையாயது. நரி நாயைத் தாண்டிய கதையை ஆங்கிலத்தில் காட்டிக்கொண்டிருக்கும் மாதிரி நமக்கு எதற்கு? அதனை அழித்துவிட்டு, மேலே சொன்ன நான்கு ஆங்கில எழுத்தையும் அரைப்புள்ளியையும் இட்டுப் பார்க்க. பாமினி முறையின எல்லாம் ‘தமிழ்’ என வாய்திறக்கும்; ஏனைய உளறும். பின்னர் ஒருங்குறியில் ‘கௌ, ணூ, றோ’ என இட்டுப் பார்க்க. ஒருங்குறி எழுத்துருக்கள் தத்தம் முகம் காட்டும். மற்றவை கட்டங்களாகவோ, கணிப்பொறி இரவல் தந்த ஒரே முகமாகவோ நிற்கும். இச்சோதனைக்கு இடந்தராத மென்பொருள் எத்துணை விலைபெறினும் தமிழனுக்கு வெறும் பெட்டியே.

தகுதரத்தார் ஒரு நல்லது செய்திருந்தனர்: பரணர், இணைமதி என எழுத்துருக்குப் பெயரிட்டபோதே குறியாக்கத்தின் பெயரையும் முன்னொட்டாகச் சேர்த்தனர். பட்டியலை அகரவரிசைப்படுத்திய அளவில் அவை ஓரிடத்தே கூடிவிடும். பிறர் செய்யாது விட்டதனை நாம் உறையின் பெயரில் செய்துகொள்ளலாம். எழுத்துருவின் உட்பெயரை மாற்றற்க; அஃது ஆக்கியோன் உரிமை. இரவல் வாங்கிய தட்டிலிருந்து படியெடுத்ததையெல்லாம் ‘நம் தொகுதி’ என நெஞ்சு நிமிர்த்துவாரும் அவ்வுரிமையைச் சற்றே எண்ணிப் பார்ப்பாராக.

ஒருங்குறியும் குறையற்றதன்று. 247 எழுத்துடைய மொழிக்கு 128 இடம் ஒதுக்கி, உயிர்மெய்யைத் துண்டாடி, தில்லி வகுத்த பொதுமுறையின் அச்சில் தமிழை வார்த்தது அது. அக்குறை தீர்க்கவே அனைத்தெழுத்துக் குறியாக்கம் எழுந்தது. எனினும் உலகெங்கும் ஓடுவது ஒருங்குறியே. தேடினால் கிடைப்பதும் அதிலுள்ள தமிழே. புதிதாய் ஆக்குவதைப் பாமினியில் ஆக்கிவிட்டுத் தமிழ் இணையத்தில் இல்லையே எனப் புலம்புவார்க்கு என்ன சொல்வது! தமிழ் இணையக் கல்விக்கழகம் ஒருங்குறி எழுத்துருக்களையும் மாற்றிகளையும் விலையின்றித் தருகின்றது. வாங்கி வைத்துக்கொள்ளவும் கையில்லையா?

அதற்காகப் பழைய எழுத்துருக்களை அழித்துவிடுதல் பெருங்கேடு. இருபது முப்பது ஆண்டுகளாக அடித்துவைத்த கோப்புகள், ஊர்ப்புலவரின் பாத்தொகுதி, நெசவாளர் கூட்டுறவின் ஆண்டறிக்கை, குலவரலாறு, கோயில் வரலாறு யாவும் அவற்றுள்தாம் சிறைப்பட்டுள்ளன. எழுத்துரு போயிற்றெனில், எக்குறியாக்கம் என்ற குறிப்பும் இல்லையெனில், நூல் போயிற்று. ஓலைக்காவது செல்லரிக்க நாளாகும்! ஆகலின் பழையவற்றைக் குறியாக்கவாரியாக உறையிட்டு உறங்கவைக்க. கோப்புகளின் பெயரிலும் குறியாக்கத்தை எழுதிவைக்க. ஒவ்வொன்றாக ஒருங்குறிக்கு மாற்றி, மூலத்தோடு ஒப்புநோக்கிய பின்னரே அடுத்ததைத் தொடுக.

ஆடித் திங்களில் திருமணம் இல்லை; அச்சுக்கடைகள் ஓய்ந்திருக்கும். அடுத்த ஆடியில் எடப்பாடிக் கடைக்காரர் எவரேனும் ஒருவர் இரண்டு நாள் உட்கார்ந்து இப்பிரிப்பைச் செய்வாராயின், ஆவணித் திருமணத்திற்கு அழைப்பிதழ் அடிக்க வருவாரிடம், “முன்னர் உங்கள் தந்தையார் அடித்த நூலின் கோப்பு வீட்டில் உள்ளதா? கொண்டு வாருங்கள், திறந்து தருகிறேன்” என்று சொல்ல அவரால் இயலும்.