நம் சுவருக்குப் பெயிண்ட் அடித்த பிள்ளை

நம் ஊர்களில் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வருகிறவர்களில் பலர் அகதி முகாமிலிருந்து வருகிறவர்கள். கோடை விடுமுறையில் அவர்களோடு சாரத்தில் ஏறி நிற்கும் பையன் அடுத்த பருவக் கட்டணத்துக்காக உழைக்கிறான் என்பதை நாம் கேட்டறிந்ததில்லை. கூலியைக் குறைத்துப் பேசத்தான் நமக்குத் தெரிந்திருந்தது.

இலங்கையில் 1983 ஜூலையில் நடந்த தமிழர் எதிர்ப்பு வன்முறைக்குப் பிறகு அங்கிருந்து படகேறி வந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் இவர்கள். இங்கேயே பிறந்து, நம் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பிளஸ் டூ எழுதுகிறார்கள். ஆனால் பாஸ்போர்ட் இல்லாமல் கரையேறியவர்களைக் குடியுரிமைச் சட்டம் ‘சட்டவிரோதக் குடியேறி’ என்கிறது. பெற்றோரில் ஒருவர் அப்படி வந்தவர் என்றாலே, 2004 டிசம்பர் 3 முதல் இங்கே பிறந்த பிள்ளைக்கும் பிறப்பால் குடியுரிமை கிடையாது. குடியுரிமை இல்லாத பிள்ளைக்கு வங்கியில் கல்விக் கடன் கிடையாது. பட்டம் வாங்கினாலும் அரசு வேலை கிடையாது. ஆகவே பட்டதாரியும் மறுபடி சாரத்தில்தான் ஏறுகிறான்.

சட்டத்தின் மீது மட்டும் பழி போட்டு நாம் தப்ப முடியாது. 1991இல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு, முகாம் பிள்ளைகளுக்கு உயர்கல்விக் கதவு சில ஆண்டுகள் அடைபட்டது. அந்தக் கொலைக்கும் அந்தப் பிள்ளைகளுக்கும் என்ன தொடர்பு? நாம் கேட்கவில்லை. பயந்தோம், பிறகு மறந்தோம். ஈழத்துக்காக மேடை போட்டவர்கள், கவிதை எழுதியவர்கள், கண்ணீர் விட்டவர்கள் நம்மில் ஏராளம். பக்கத்து முகாமின் தகரக் கூரைக்குக் கீழே படித்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு ஒரு பருவக் கட்டணம் கட்டியவர்கள் எத்தனை பேர்? அகதிகளில் ஒருவரான சந்திரகாசன் 1984இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தின் வழியாக, அகதிகளே தங்கள் பிள்ளைகளின் படிப்புக்கு அலைந்தார்கள்.

ஆசிரியர்களான நாமும் குற்றவாளிகள்தான். முகாமில் ஆள் சரிபார்க்கும் நாளில் வகுப்புக்கு வராத மாணவனுக்கு, காரணம் கேட்காமல் வருகைப்பதிவில் ‘வரவில்லை’ என்று போட்டோம். கட்டணம் கட்டாதவர்கள் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். அதில் அவன் பெயரைப் பார்த்துவிட்டு மற்றவர்கள் நகர்ந்து போனதையும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

2021இல் தமிழக அரசு அகதி முகாம்களுக்கு ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் வைத்துக் கல்வி உதவித்தொகையையும் உயர்த்தியது. நல்லதுதான். ஆனால் அதற்குள் 38 ஆண்டுகள் ஓடிவிட்டன. படிக்க முடியாமல் போனவர்களுக்கு இன்று பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலும் ஒரு முகாம் இருக்கலாம். வரும் ஜூனில் அங்கே ஒருமுறை போய், எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு குறைகிறது என்று கேளுங்கள். வாக்குக் கேட்டு வருகிறவரிடம் அவர்களின் குடியுரிமை பற்றிக் கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்க அவர்களுக்கு வாக்கு இல்லை, நமக்கு இருக்கிறது.