பூட்டில்லாத பொதிகள்

சிலப்பதிகாரப் புகாரிலே, மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் இடையே ஒரு சோலை. மரங்களையே கால்களாகக் கொண்ட கடைகள். விற்போர் குரலும் வாங்குவோர் குரலும் ஓயாது. அதுவே நாளங்காடி.

அந்நகரத்து வெள்ளிடை மன்றமோ அதனினும் விந்தை. பெயரும் அளவும் பொறித்த வணிகர் பொதிகள் வெட்டவெளியில் கிடக்கும். கதவில்லை, தாழில்லை, காவலுமில்லை.

"யாரும் திருட மாட்டார்களா, ஸார்?" என்றான் ஒரு மாணவன்.

"திருடரே இல்லையென்று இளங்கோவடிகள் சொல்லவில்லை, அப்பா! எடுத்தவன் கழுத்து நோகச் சுமந்து, சுற்றிச் சுற்றி வருவானேயன்றிக் கொண்டுபோக மாட்டான் என்கிறார்" என்றேன்.

மறுநாட் காலை, வகுப்பில் காணாமற்போயிருந்த பேனா ஒன்று என் மேஜைமேல் இருந்தது. யாருடையது என்று கேட்டேன். யார் வைத்தது என்று கேட்கவில்லை.