கூடிக் கற்றல்

தனித்திருந்து ஏட்டை ஓதுவதே கல்வியெனப் பலர் எண்ணுகின்றனர். அது கல்வியின் ஒரு பாதியே என்பது நமது துணிபு. ஒரே தொழிலில் உழல்வோர் ஓரிடத்தே குழுமி, அறிந்ததை உரைத்தும் செய்தும் திருத்தியும் வளர்க்கும் அறிவு மற்றைப் பாதியாம்.

இதற்குச் சான்று தேடித் தூரதேசம் செல்ல வேண்டுவதில்லை. மதுரையினின்று திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் பெருவழியிலுள்ள கொட்டாம்பட்டியையும், மேலூர், அழகர்கோயில் பக்கத்துச் சிற்றூர்களையும் நோக்குவோமாக. வானம் பார்த்த நிலமும், கண்மாய்ப் பாசனமும், கூலி வேலையுமே இங்குப் பலர்க்கு ஜீவனம். 1990-ஆம் ஆண்டளவில் மதுரைச் சுற்றுப்புறத்தில் 'களஞ்சியம்' என்னும் பெண்கள் குழுக்கள் தோன்றின. 1997-இல் நிறுவப்பெற்ற தானம் அறக்கட்டளை அவற்றைப் பேணி வளர்த்தது. சுமார் இருபது பெண்கள் சிறுதொகை சேமித்து, இடருற்றவர்க்கு அதிலிருந்தே கடன் வழங்குவர். யாருக்கு முதலில், எவ்வளவு, எத்தனை தவணை என்பவற்றைக் கூடியே தீர்மானிப்பர். வட்டிக் கணக்கும் வங்கியில் பேசும் முறையும் அக்கூட்டத்திலேயே பயிலப்படுகின்றன.

புல்லுச்சேரி சின்னப்பிள்ளை அம்மையார் எழுத்தறியாதவர். வயல்வேலைப் பெண்களுக்குத் தலைமை பூண்டு கூலி பேசிப் பழகிய அவர், களஞ்சிய இயக்கத்தின் முன்னணியில் நின்றார். 2001-இல் ஸ்திரீ சக்தி விருது வழங்குகையில் பிரதமர் வாஜ்பாய் அவர் தாள் பணிந்தமை நாடறிந்தது. 2019-இல் பத்மஸ்ரீ விருதும் அவருக்கு அளிக்கப்பெற்றது.

அறியாதார் பலர் கூடின் அறியாமையே பெருகும் என்பார் உளர். கேள்வி கேட்பார் இல்லாவிடத்து அஃது உண்மையே. தம் கைப்பொருள் கணக்கில் நிற்குமிடத்தோ, பிழை கண்டவள் வாளாவிராள். ஆயினும் ஓர் அபாயம் உண்டு. கணக்கேடு ஒருத்தி கையிலேயே தங்கி, ஏனையோர் தவணை செலுத்தியவுடன் எழுந்து செல்வாராயின், குழு பெயரளவில் நிற்கும், கல்வி மடியும்.

நமது கலாசாலையின் நிலை யாது? பரீக்ஷையில் முந்தும் ஆவலால், அண்டையிலிருப்பவன் காணாவண்ணம் குறிப்பேட்டை மறைப்பாரும் நம்மிடையே இல்லாமலில்லை. பட்டம் பெற்றபின் எவ்வுத்தியோகத்திலும் பிறரோடு கூடியே உழைக்க வேண்டும். அதற்கான பயிற்சியை எங்கே பெறுவது? ஆதலின் ஒவ்வொரு வகுப்பினரும் வாரம் ஒரு மணி நேரம் கூடுக. தலைமையும் குறிப்பெழுதும் பொறுப்பும் முறைவைத்து மாறுக. விளங்காததை வெட்கமின்றி வினவுக. கிராமங்களுக்குச் செல்லுங்காலும் உபதேசிகளாய் அன்றி, கேட்போராய்ச் செல்வோமாக. எழுத்தறியாத மாதர் கூடிக் கற்றது, எழுத்தறிந்த நமக்கு அரிதாமோ?